காது நறுக்கிய தோல்

தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்த எவனும் காதோடு ஒரு தோலைச் சுண்ணாம்பில் போட மாட்டான். பச்சைத் தோல் வண்டியிலிருந்து இறங்கியதும் முதல் வேலை நறுக்கல்தான். காது, வால் நுனி, காலில் தொங்கும் துண்டுகள் எல்லாம் தண்டம். சுண்ணாம்பையும் குடிக்கும், பட்டைச் சாற்றையும் குடிக்கும், கடைசியில் எதற்கும் உதவாது. அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போன வயதிலிருந்து நான் அதைப் பார்த்தவன். அதனால்தான் அந்த எருதுத் தோலின் காதுகள் இரண்டையும், யாரும் சொல்லாமலே, வாங்கிய இடத்திலேயே நறுக்கிப் போட்டேன்.

நான் ஜெயிலுக்குப் போய் வந்தவன். அதை முன்னாலேயே எழுதிவிட்டால் பிறகு மறைக்க வேண்டிய வேலை இல்லை. எங்கள் குடும்பத்தில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான். மிஷன் பள்ளியில் ஏழாவது வரை படித்தேன். ஆம்பூரில் அப்பா சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற அதே ஷாப்பில் எனக்குக் குறி போடும் வேலை கிடைத்தது. பல வியாபாரிகளின் ஆட்டுத் தோல்கள் அங்கே ஒன்றாக ஊறும். மையால் எழுதினால் சுண்ணாம்பில் நிற்காது. ஆகவே வால் பக்கம் உளியால் வெட்டிக் குறி வைப்பார்கள். ஒருவருக்கு இரண்டு வெட்டு, ஒருவருக்கு மூன்று வெட்டு, இன்னொருவருக்கு ஒரு துளை. வெட்டுவதும் நான், யார் குறியில் எத்தனை தோல் என்று புத்தகத்தில் எழுதுவதும் நான். தண்ணீரில் நிற்காமல் நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை. அம்மா அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்த மழைக்காலத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு வேலைக்குப் போனவர், இரண்டு வெட்டுக் குறி வியாபாரியின் ஒரு கட்டுத் தோலை உரிய நாளில் தொட்டியிலிருந்து தூக்க மறந்துவிட்டார். தோல் வெந்து மேல்பக்கம் கழன்று வந்தது. மேஸ்திரி பார்த்தால் அப்பாவின் வேலை அன்றோடு சரி. நான் யோசித்தேன். இரண்டு வெட்டை மூன்று வெட்டாக்கலாம், மூன்றை இரண்டாக்க முடியாது. கெட்டுப்போன தோல்களில் எல்லாம் ஒரு வெட்டைக் கூட்டினேன். புத்தகத்திலும் அதற்கேற்ப மாற்றி எழுதினேன். மூன்று வெட்டுக்காரர் பெரிய வியாபாரி. அவ்வளவு தோலுக்கு நடுவில் ஒரு கட்டு கெட்டுப்போனது அவருக்குத் தெரியவா போகிறது என்று நினைத்தேன்.

சுண்ணாம்பில் ஊறிய வெட்டு ஓரம் தடித்து மூடிக்கொண்டு வரும். என் புது வெட்டு மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. மேஸ்திரி ஒரு தோலை இரண்டு விரலால் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தார். கோர்ட்டில் என் கையெழுத்தே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று. ஒன்பது மாதம் கடுங்காவல். அப்பாவின் வேலையும் போயிற்று. எதைக் காப்பாற்ற நினைத்தேனோ அது முதல் நாளே போய்விட்டது.

வேலூர் ஜெயிலில் எனக்குத் தோல் தைக்கும் வேலை கொடுத்தார்கள். வார்டர்களின் செருப்பு, இடுப்பு வார். மெழுகு தேய்த்த நூலில் இரண்டு பக்கமும் ஊசி கோத்துத் தைக்கும் தையல் அங்கேதான் என் கைக்கு வந்தது.

வெளியே வந்ததும் ஷாப்பு ஷாப்பாகப் போய்க் கேட்டேன். ஆம்பூரில் ஒருவர்கூட வாசலுக்கு வரவில்லை. பேரணாம்பட்டில் நான் போவதற்கு முன்னாலேயே என் கதை போயிருந்தது. வாணியம்பாடி வரை நடந்தேன். அங்கே ஒரு சாயபு மட்டும் நிற்கவைத்தாவது பேசினார். குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். தொட்டியிலாவது இறங்குகிறேன், எழுத்து வேலை வேண்டாம் என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னது இன்றைக்கும் காதில் கிடக்கிறது.

"படிச்சிருக்கியே தம்பி, அதான் பேஜார். படிக்காதவன் திருடுனா ஒரு தோலு போவும். நீ திருடுனா புஸ்தகமே போவும்."

கோபமாகச் சொல்லவில்லை.

பழைய குற்றவாளிகளைக் கண்காணிக்கப் போலீசார் வைத்திருக்கும் கேடிப் புத்தகத்திலும் நான் ஏறியிருந்தேன். வாரத்துக்கு ஒரு முறை ஏட்டு எங்கள் தெருமுனையில் நின்று, அங்கிருந்தே, "கேடி கீறியாடா ஊட்ல?" என்று கூப்பிடுவார். நான் வெளியே வந்து கை கட்டி நின்றால் போய்விடுவார். வீட்டுக்கே வந்து கேட்டிருந்தால் எங்களுக்கு மட்டும் கேட்டிருக்கும். அவர் ஒரு நாளும் அப்படி வரவில்லை. அம்மா அந்த நேரத்தில் அடுப்பை ஊதுவாள், எரிகிற அடுப்பையும் ஊதுவாள்.

அப்பா மண் சுமக்கப் போனார். நானும் கொஞ்ச நாள் போனேன். அப்படி ஒரு தோட்டத்தில் மண் சுமந்தபோதுதான் கிணற்று மேட்டில் ஒரு குடியானவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையில், சால் என்கிற பெரிய இரும்பு வாளிக்கு அடியில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு தோல் குழாய் தொங்கும். வால் என்பார்கள். சால் மேலே வந்ததும் தண்ணீர் அதன் வழியாகத்தான் தொட்டியில் விழும். அவருடைய வால் கிழிந்துவிட்டது. பாதித் தண்ணீர் கிணற்றுக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருந்தது, கேழ்வரகு காய்ந்துகொண்டிருந்தது. தைத்துத் தரட்டுமா ஆண்டே என்று கேட்டேன். என்னை யார் என்று அவர் கேட்கவில்லை. பயிர் காயும்போது யாரும் கேட்பதில்லை.

ஒரு குத்தூசி, ஒரு கத்தி, நூல், மெழுகு, இவ்வளவுதான். தை மாதம் தொடங்கிக் கிணறு கிணறாகப் போனேன். யாருக்கும் கீழே இல்லாத வேலை. ஆனால் வேலைக்காக ஊர் ஊராகப் போனால் ஏட்டு கூப்பிடும்போது வீட்டில் இருக்க முடியாது. இல்லாத கேடி எங்கே என்று கேள்வி வரும். அதற்கும் ஒரு வழி செய்தேன். எந்த ஊரில் தைத்தேனோ அந்த ஊர் மணியக்காரரிடம், இன்ன நாள் இங்கே இருந்தான் என்று நானே ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வேன். ஏட்டு அதை வாங்கிப் பார்த்து, "வக்கீல் ஆய்ட்டான் டோய்" என்று சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

மாசியில் ஆலங்காயம் பக்கத்துக் கவுண்டர் ஒருவர் கூப்பிட்டு அனுப்பினார். மலையடிவாரத்தில் இரண்டு பெரிய கிணறு. இரண்டுக்கும் ஒட்டுப்போடாத புது வால் வேண்டும். "நின்னுச்சுன்னா இந்தப் பக்கத்துக் கெணறு எல்லாம் உனுக்குத்தான். பிஞ்சிச்சுன்னா இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காத" என்றார். பழைய வாலுக்கு ஒட்டுப் போடுகிறவன் கோடையில் மட்டும் சாப்பிடுவான். புது வால் தைக்கிறவனுக்கு வருஷம் முழுக்க வேலை உண்டு. அப்பாவுக்கு மண் சுமக்க இனி உடம்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த இரண்டு வாலில்தான் எங்கள் சோறு இருந்தது.

பதனிட்ட எருதுத் தோலை எந்த ஷாப்பும் எனக்கு விற்கவில்லை. அப்பாதான் ஒரு நாள், "நாமளே போடலாம்" என்றார். வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி இரண்டு பெரிய மண் தாழிகளைப் புதைத்தார். ஒன்று சுண்ணாம்புக்கு, ஒன்று ஆவாரம்பட்டைக்கு. பட்டையை அம்மா பக்கத்துக் கரட்டு மேட்டிலிருந்து உரித்துக்கொண்டு வந்தாள்.

தோல் கவுண்டர் ஊருக்குப் பக்கத்துச் சேரியில் கிடைத்தது. அங்கே ஊர்மாடு செத்தால் இழுத்துப்போட்டு உரிக்கும் பரம்பரை முறை ஒரு மனிதருக்கு இருந்தது. நாற்பது வயதிருக்கும். வாய் நிறைய வெற்றிலை, வாய் நிறையச் சிரிப்பு. நான் போன காலையில்தான் ஒரு எருதை உரித்து முடித்திருந்தார். இழுத்துப்போடுகிறவனுக்கே தோல் சொந்தம், அதற்குப் பதிலாக மாட்டுக்காரருக்கு வருஷத்துக்குச் செருப்பும் வாரும் தைத்துக் கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்துப் பழைய ஏற்பாடு. தோலுக்கு மண்டியில் கிராக்கி வந்த பிறகு மாட்டுக்காரர்களே தோலைக் கேட்டு வாங்க ஆரம்பித்திருந்தார்கள். அது எனக்குத் தெரியாது. அவர் சொல்லவும் இல்லை.

தோலைத் தரையில் விரித்தேன். இடுப்பில் பழைய சூட்டுத் தழும்பு ஒன்று, கழுத்தில் நுகம் அழுத்திய காய்ப்பு. மற்றபடி நல்ல தோல். உப்பைத் தடவுவதற்கு முன்னால் கத்தியை எடுத்து இரண்டு காதையும் நறுக்கிப் போட்டேன். அவர் சட்டென்று என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஷாப்புக்காரன்னா ஷாப்புக்காரன்தான். எடுத்துக்கினு போ தம்பி, ஈ மொய்க்குது."

காதுகளைப் பொறுக்கி நாய்க்குப் போட்டார். அதில் ஒரு காதின் ஓரம் முக்கோணமாக வெட்டுப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தில் கன்றாக இருக்கும்போதே காதில் வெட்டி வைப்பார்கள், வீட்டுக்கு ஒரு விதம். மாடு எங்கே போய்ச் செத்தாலும் காதைப் பார்த்து யாருடையது என்று சொல்லிவிடலாம். குறி போட்டே பிழைத்தவன் நான், குறி போட்டதற்காகவே ஜெயிலுக்குப் போனவன். அந்த வெட்டைக் கண்ணால் பார்த்தேன், ஏதோ முள் கிழித்தது என்று நினைத்தேன்.

அப்பா அந்தத் தாழியைவிட்டு நகரவில்லை. காலையில் ஒரு தரம், உச்சியில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் கையைவிட்டுத் தோலைப் புரட்டி நகத்தால் கீறிப் பார்ப்பார். சுண்ணாம்பு தின்று நகமே இல்லாத விரல்கள் இரண்டு அவருக்கு. மற்ற விரலால் கீறுவார். எந்த நாளில் தூக்க வேண்டுமோ அந்த நாளில் தூக்கினார். மயிர் சிரைத்துப் பட்டைச் சாற்றில் போட்ட பிறகு தோல் மெல்ல மெல்லச் சிவந்தது. அந்த நாட்களில் அவர் என்னோடு கொஞ்சம் பேசினார்.

பங்குனியில், ஒரு காலை, ஏட்டு தெருமுனையில் நிற்கவில்லை. நேரே வீட்டுக்கு வந்தார், கூடவே இரண்டு பேர். மலையடிவாரத்தில் மேயப்போன ஒரு எருது திரும்பவில்லையாம், புதரில் உரித்த உடல் மட்டும் கிடந்ததாம். மாட்டுக்கு மருந்து வைத்துக் கொன்று தோலை எடுத்த வழக்குகள் அப்போது அங்கங்கே நடந்துகொண்டிருந்தன. தோல் வாங்குகிற கேடி யார் என்று பார்க்க அவருக்குப் புத்தகத்தில் அதிக தூரம் தேட வேண்டியிருந்திருக்காது.

தாழியிலிருந்து தோலை இழுத்து மண்ணில் போட்டார்கள். ஏட்டு தடியால் தலைப்பக்கத்தைப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார்.

"காது எங்கடா?"

ஷாப்பு வழக்கம் ஏட்டய்யா, முதல் வேலையே அதுதான் என்றேன். அப்பாவும் கையெடுத்துக் கும்பிட்டு அதையே சொன்னார்.

"உன் வழக்கம் கோர்ட்டுக்கே தெரியுமே. அங்க குறிய மாத்துன, இங்க குறிய நறுக்கிட்ட. கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் படிச்சிருக்க."

அப்போதுதான் எனக்குக் காதின் அர்த்தம் புரிந்தது. அந்த மனிதர் சட்டென்று நிமிர்ந்து பார்த்ததும் சிரித்ததும் புரிந்தது. நான் தண்டம் என்று நறுக்கினேன். அவர், தன்னைக் காட்டிக்கொடுக்கிற ஒன்றே ஒன்றும் தொலைந்தது என்று எடுத்துக்கொண்டார்.

யாரிடம் வாங்கினாய் என்று ஏட்டு இரண்டாம் முறை கேட்கவில்லை. முதல் முறையே சொல்லிவிட்டேன். எந்தச் சேரி, எந்த வீடு, வீட்டு வாசலில் என்ன மரம் என்பது வரை சொன்னேன். உண்மையைத்தானே சொன்னேன் என்று பிறகு பல தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் உண்மை பொய் என்று நான் யோசிக்கவே இல்லை. ஜெயில் தட்டு கண் முன்னால் வந்தது, வாய் தானாகத் திறந்துகொண்டது.

என்னையும் தோலையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். உச்சி வெயிலில் அதன் வாசலில், எனக்குத் தோல் விற்றவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர் ஊர் நிலக்காரரான ரெட்டியாரும் தன் வண்டியிலேயே வந்திருந்தார். தோலை விரித்துக் காட்டியதும் ரெட்டியார் இடுப்புச் சூட்டின் மேல் கை வைத்தார். கால் வாதத்துக்காகத் தானே நின்று வைக்கச் சொன்ன சூடு என்றார். தன் எருது செத்தது உண்மை, தோலை நரி இழுத்துக் கிழித்துவிட்டது என்று இவன் வந்து சொன்னான் என்றார். காணாமல் போன எருதோ நுகமே தொடாத இளசு. இந்தத் தோலின் கழுத்தில் காய்ப்பு இருந்தது. அந்த வழக்கு என்னைவிட்டு அந்த இடத்திலேயே விலகிற்று. ஆனாலும் ஏட்டு அந்தச் சேரி மனிதரைப் பார்த்துக் கேட்டார்.

"நீ வித்தியா, இவன் எடுத்துக்கினு போனானா?"

அவர் என்னைப் பார்த்தார். வாயில் வெற்றிலை இல்லை.

"நான்தான் குடுத்தேன் சாமி."

என்னைப் போகச் சொன்னார்கள். ரெட்டியார், வழக்கு ஒன்றும் வேண்டாம், என் ஆளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லித் தோலை வண்டியில் போட்டுக்கொண்டார். அந்த மனிதரை வண்டிக்குப் பின்னால் நடத்திக்கொண்டு போனார்கள். நான் ஸ்டேஷன் வாசலில் நின்று பார்த்தேன். சாலையில் வண்டி மறைகிற வரைக்கும் அவர் திரும்பவில்லை.

அவரைப் புளியமரத்தில் கட்டி அடித்தார்கள் என்று மறுநாள் தெரிந்தது. மாடு இழுக்கும் முறையை அவரிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ரெட்டியார் நிலத்தில் அவர் குடும்பத்துக்கு இருந்த வேலையும் நின்றது.

எனக்கு நடந்தது வேறு மாதிரி. கவுண்டருக்குக் கிணறு காத்திருந்தது. அவர் ரெட்டியாரிடம் பேசி அதே தோலை வாங்கி, ஆள் மூலம் என் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். பாதி பதத்தில் வெயிலில் கிடந்ததால் ஓரமெல்லாம் மரக்கட்டையாகியிருந்தது. அப்பா அதை ஊறவைத்து, எண்ணெய் தடவி, காலால் மிதித்து மிதித்து வழிக்குக் கொண்டுவந்தார். எனக்கு அதைத் தொடவே கை வரவில்லை. தைக்காமலிருக்கவும் முடியவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து இரண்டு வாலையும் தைத்தேன். என் கையில் வந்த தையலிலேயே அதுதான் நல்ல தையல்.

சித்திரையில் வாலைக் கட்டிக் காட்டக் கவுண்டர் தோட்டத்துக்குப் போனேன். இரண்டாவது கிணற்றில் மாடு ஓட்டிக்கொண்டிருந்தவர் எனக்குத் தோல் விற்ற அவர்தான். ரெட்டியார் ஊரில் வேலை இல்லாமல் இங்கே கூலிக்கு வந்திருந்தார். திரும்பிவிடலாம் என்று தோன்றியது. கவுண்டர் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாலுக்கு அடியில் குனிந்து வாலை வளையத்தோடு சேர்த்துக் கட்ட ஆரம்பித்தேன். அவர் மாடுகளைப் பிடித்துக்கொண்டு என் தலைக்கு மேலே நின்றார். முடிச்சு விழவே இல்லை. கவுண்டர் அந்தப் பக்கம் வாய்க்காலைப் பார்க்கப் போனதும் நான்தான் முதலில் பேசினேன்.

"அண்ணே, நான் சொல்லலன்னா என்ன மறுபடி உள்ள போட்டிருப்பாங்க."

"தெரியும்."

ஒரு மாடு தலையை ஆட்டியது. அதன் கழுத்தைத் தட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"ஏட்டு கேட்டப்ப, இவன்தான் திருடிக்கினு போய்ட்டான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். கேடி தானே, நம்பியிருப்பாங்க. ஒரு வார்த்ததான். வாயில வரல தம்பி."

அந்தக் கோடையிலேயே அந்தப் பக்கத்துக் கிணறுகள் எனக்கு வந்தன. கவுண்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இந்த மூன்று வருஷமாக நாங்கள் மூன்று பேரும் அதில்தான் சாப்பிடுகிறோம். ஆனால் எந்தச் சேரியிலும் எனக்குத் தோல் விற்பதில்லை. கேடியை வீட்டில் உட்கார வைப்பார்கள், போலீசிடம் பேர் சொல்கிறவனை வைக்க மாட்டார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடும். யாருக்கு வால் வேண்டுமோ அவர்களே தோல் கொண்டுவந்து போடுகிறார்கள். நான் அதைக் காதோடு சுண்ணாம்பில் போடுகிறேன், காதோடு பட்டையில் போடுகிறேன். யார் மாடு, எந்த ஊர் என்று சீட்டு எழுதி அந்தக் காதிலேயே கட்டித் தொங்கவிடுகிறேன். சிவந்து சுருங்கிய காதுகள் வீட்டுக் கொடியில் வரிசையாகத் தொங்கும். ஷாப்புக்காரர்கள் அந்த வழியாகப் போனால் சிரிக்கிறார்கள். அப்பா இப்போது மறுபடியும் அதிகம் பேசுவதில்லை. ஏட்டு இன்னும் தெருமுனையில் நின்றுதான் கூப்பிடுகிறார்.

அன்று கிணற்று மேட்டில் அவர் சொல்லி முடித்ததும் முடிச்சு விழுந்தது. நான் எழுந்து விலகினேன். சால் கிணற்றுக்குள் இறங்கி முங்கியது. அவர் கயிற்றில் ஏறி உட்கார்ந்து மாடுகளைச் சரிவில் ஓட்டினார். சால் நிறைந்து மேலே வந்தது, புது வால் விரைத்துக்கொண்டு தண்ணீரை முழுசாகத் தொட்டியில் கொட்டியது. எங்கும் ஒழுகவில்லை. கீழே சரிவின் முனையில் அவருடைய முதுகு, சட்டையில்லாமல், அடியின் தழும்புகளோடு, என் பக்கம் இருந்தது. குறி பார்த்துப் பழகிய கண் தானாகவே எண்ணத் தொடங்கிற்று. நான் தலையைக் குனிந்து என் தையலைப் பார்த்துக்கொண்டேன்.